நிமிஷத்துக்கு ஒரு வேலையும் மூணாம் தேதிப் பணமும்

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், பி.காம்., வங்கித் தேர்வு, இருபத்து மூன்று வருஷ சர்வீஸ், அதில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வெளியே. இப்போது புனே. கிளையில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அணைத்துப் போடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். இந்த ஆள் லினக்ஸ் பற்றிப் பதிவு போடுகிறானே என்று சிரிக்காதீர்கள். லினக்ஸில் ஆரம்பித்தாலும் நம்ம வீட்டுச் சமாச்சாரத்தில்தான் வந்து நிற்கப் போகிறேன்.

போன தீபாவளி லீவுக்கு மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ராத்திரி பதினோரு மணிக்கு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"பாஸ்வேர்டு திருடறேம்ப்பா."

வங்கிக்காரன் வீட்டில் சொல்லக்கூடிய பதிலா இது? பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், ஓடிபியைப் பகிராதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் தினம் தொண்டை வறளச் சொல்கிறவன் நான். உள்ளேயிருந்து தங்கமணி, "ஒரு வாரமா இதைத்தான் பண்ணுது. உங்களுக்கு இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?" என்று தன் பங்குக்கு ஒன்று வைத்தார்.

பயத்தோடுதான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்தபோது மணி ஒன்றரை.

*

அவள் ஆடிக்கொண்டிருந்தது 'கேப்சர் த ஃபிளாக்' வகை ஆட்டம். கொடியைப் பிடி என்று அர்த்தம். ஒரு கணினிக்குள் எங்கேயோ ஒரு ரகசியச் சொல்லை ஒளித்து வைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடித்தால் அடுத்த படிக்குப் போகலாம். 'ஓவர் த வயர்' என்ற அமைப்பினர் 'பேண்டிட்' என்ற பெயரில் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட படிகளை, லினக்ஸ் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்காக இலவசமாக வைத்திருக்கிறார்கள். இருபத்தொன்றாம் படியிலிருந்து மூன்று படிகள் 'கிரான்' பற்றியவை.

கிரான் என்பது லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் நேரம் பார்த்து வேலையை ஓட்டும் ஏற்பாடு. 1979ல் வந்த ஏழாம் யூனிக்ஸ் பதிப்பிலேயே இருந்தது. இன்றைக்குப் பல கணினிகளில் இருப்பது பால் விக்ஸி 1987ல் எழுதியதன் வழி வந்தது. ஒரு வரியில் ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, மாதத்தில் எத்தனையாம் தேதி, எந்த மாதம், வாரத்தில் எந்த நாள். அதற்கு அப்புறம் என்ன வேலை. ஐந்து கட்டத்திலும் நட்சத்திரக் குறி போட்டால் நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடும்.

மகள் இதைச் சொன்னதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "அட, இது எங்க ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்!" என்றேன். ஒவ்வொரு மாதமும் இந்தத் தேதியில் இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு இவ்வளவு மாற்று என்று வாடிக்கையாளர் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அப்புறம் அவர் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடும்.

முதல் படி எளிது. நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு வேலை ஓடுகிறது. அந்த வேலை பூட்டி வைத்திருக்கிற ரகசியச் சொல்லை ஒரு நகல் எடுத்து, எல்லோரும் புழங்குகிற இடத்தில் எல்லோரும் படிக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போகிறது. லாக்கர் அறை பூட்டு பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் பத்திரத்தை நிமிஷத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஹாலில் வைக்கிறார் ஒரு விசுவாசமான கிளார்க். பூட்டை யாரும் உடைக்க வேண்டியதில்லை. அந்த வேலையின் எழுத்தைப் பொறுமையாக வாசித்தால் போதும்.

இரண்டாம் படியில் நகல் வைக்கிற இடத்தின் பெயரை ஒரு கணக்குப் போட்டு உண்டாக்குகிறார்கள். அதிலும் கணக்கு எப்படி என்பது அந்த எழுத்திலேயே இருக்கிறது. விடையை முழுசாகச் சொல்லி ஆட ஆசைப்படுகிறவர்கள் சுவாரஸ்யத்தைக் கெடுக்கவில்லை.

மூன்றாம் படியில்தான் எனக்கு நிஜமாகவே வியர்த்தது.

அங்கே ஒரு ஃபோல்டர் இருக்கிறது. நம் பாஷையில் ஒரு தட்டு. நிமிஷத்துக்கு ஒருமுறை, மேல்படிப் பயனரின் அதிகாரத்தோடு ஒரு வேலை வந்து அந்தத் தட்டில் கிடக்கிற சீட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, அதில் சொன்னதைச் செய்துவிட்டு, சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறது. ஒரே ஒரு சோதனை உண்டு: சீட்டுக்குச் சொந்தக்காரர் இன்னார்தானா என்று பார்க்கிறது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

மறுபடியும் படியுங்கள். கையெழுத்து சரியா என்று பார்க்கிறது. விஷயம் சரியா என்று பார்ப்பதில்லை.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாயந்திரம் வவுச்சர் கட்டு முன்னால் உட்கார்ந்த எந்த ஆபீசருக்கும் இந்த இடத்தில் வயிற்றைக் கலக்கும். எனக்குக் கலக்கியது. கீழே இனிஷியல் இருக்கிறதா, இருக்கிறது, பாஸ். அப்படிப் போட்ட கையெழுத்துகள் என் சர்வீஸிலும் உண்டு. வங்கியில் எல்லாவற்றுக்கும் மேக்கர், செக்கர் என்று இரண்டு பேர் வைத்திருப்பது, இரண்டாவது ஆள் விஷயத்தைப் படிப்பார் என்ற நம்பிக்கையில்தான். படிக்காவிட்டால் இரண்டு பேர் இருந்தும் ஒருவர்தான்.

ஆக, நாம் செய்ய வேண்டியது: "அந்த ரகசியச் சொல்லை எடுத்து என் ஃபோல்டரில் வை" என்று ஒரு சீட்டு எழுதித் தட்டில் போட வேண்டும். மகள் எழுதினாள். போட்டாள். காத்திருந்தோம். ஒரு நிமிஷம் ஆனது. சீட்டு காணாமல் போனது. ரகசியச் சொல் வரவில்லை.

"என்னம்மா, பிழைன்னு ஏதாவது சொல்லுச்சா?"

"சொல்லாதுப்பா. இங்க பாருங்க" என்று கிரான் வரியின் கடைசியைக் காட்டினாள். அந்த வேலை எதைச் சொன்னாலும், பிழை என்று கத்தினாலும், எல்லாவற்றையும் 'டெவ் நல்' என்கிற இடத்துக்கு அனுப்பிவிடு என்று எழுதியிருந்தது. அது அடியில்லாத குப்பைத் தொட்டி. போட்டது திரும்பி வராது.

"சாதாரணமா என்ன ஆகும்?"

"கிரான் வேலை ஏதாவது சொல்லிச்சுன்னா, அதை அமைச்சு வச்ச ஆளுக்கு மெயில் போகும்ப்பா. ஆனா அந்த மெயிலை யாரு படிக்கிறாங்க?"

முதல் தடவை, சீட்டை ஓட்டுவதற்கான அனுமதியைக் கொடுக்க மறந்திருந்தாள். திருத்திப் போட்டாள். இரண்டாவது தடவையும் வரவில்லை. முக்கால் மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில்தான் தெரிந்தது: ஃபோல்டர் எங்களுடையது. எழுதப் போகிறவர் வேறு பயனர். அவர் உள்ளே வந்து எழுத நாங்கள் அனுமதி கொடுக்கவே இல்லை. வேலை ஒழுங்காக ஓடியது. ரகசியச் சொல்லையும் எடுத்தது. எங்கள் வாசல்வரை வந்து, கதவு பூட்டியிருக்கவே, சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டது.

கதவைத் திறந்து வைத்தோம். அடுத்த நிமிஷம் வந்துவிட்டது. மகள் நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தாள். எனக்குத்தான் குதிக்கத் தோன்றவில்லை. எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

*

2019ல் நடந்தது. அப்போது நாக்பூரில் இருந்தேன். 2012லிருந்தே அம்மாவுக்கு மாதா மாதம் மூணாம் தேதி பணம் போகிற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டு வைத்திருந்தேன். அதற்கு முன்னால் மாதாமாதம் நானே அனுப்பி, ஃபோன் பண்ணி, "வந்துச்சாம்மா?" என்று கேட்பேன். தானாகப் போக ஆரம்பித்த பிறகு அந்தக் கேள்வி நின்றுவிட்டது. எதற்குக் கேட்க வேண்டும், அதுதான் தானாகப் போகிறதே! ஃபோன் பேச்சு பண்டிகை, கல்யாணம், காய்ச்சல் என்று மாறிப் போனது.

அந்த மே மாதம் லீவில் ஊருக்குப் போனேன். சும்மா அம்மாவின் பாஸ்புக்கை வாங்கி வரவு வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கிறேன், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஐந்து வரவு. ஒரு எடுப்புகூட இல்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள். பொங்கலுக்கு முன்னால் பக்கத்து ஊர் ஏடிஎம்முக்குப் போனாளாம். கார்டு வேலை செய்யவில்லை. இன்னொரு நாள் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனாளாம். அப்போதும் இல்லை. கிளைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அண்ணாச்சி கடையில் கடன் எழுதியிருக்கிறாள். மாத்திரையை ஒரு வேளை குறைத்திருக்கிறாள்.

"ஏம்மா சொல்லல?"

"ஒனக்கு ஆயிரம் சோலி கெடக்கும் ஐயா. இதைப் போயிச் சொல்லிக்கிட்டு... நீயும் அனுப்பாமயா இருந்தே?"

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேக்னெடிக் பட்டை மட்டும் உள்ள பழைய ஏடிஎம் கார்டுகளை 2018 டிசம்பர் 31க்குள் சிப் வைத்த கார்டாக மாற்றியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அந்த அறிவிப்பை என் கிளைச் சுவரில் ஒட்டச் சொன்னதே நான்தான். வரிசையில் நின்ற பெரியவர்களிடம் இந்தியில், தெரிந்த அரைகுறை மராத்தியில், "பாபா, கார்டை மாத்திக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான். அம்மாவின் கார்டு பட்டைக் கார்டு.

அம்மாவின் வங்கி சொல்லாமல் இல்லை. குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது. ஒன்றல்ல, மூன்று. ஆனால் அந்தக் கணக்கில் பதிவான செல்போன் நம்பர் என்னுடையது. அம்மாவுக்கு மெசேஜ் படிக்கத் தெரியாது என்று நானே கொடுத்திருந்தேன். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்கிற மெசேஜ்களுக்கு நடுவில் அது மூன்றும் படிக்கப்படாமல் கிடந்தன.

அன்றைக்கு அதை 'கார்டு பிரச்சினை' என்று பேர் வைத்து, புதுக் கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கடைக் கடனை அடைத்துவிட்டு நாக்பூர் வந்துவிட்டேன். ஆறேழு வருஷம் கழித்து, ராத்திரி ஒன்றரை மணிக்குக் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் அதன் சரியான பேர் தெரிந்தது. வேலை ஓடியது. பணம் வாசல்வரை போனது. கதவு பூட்டியிருந்தது. சேதி என் சட்டைப் பைக்கு வந்தது. நான் படிக்கவில்லை.

*

என் கருத்து இதுதான். ஒரு வேலை தானாக ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அதன் மேல் நமக்குக் கண் குறைந்துவிடுகிறது. ஆனால் கண் கூடுதலாக வேண்டியதே அப்போதுதான். கையால் செய்யும்போது தப்பு நடந்தால் கைக்குத் தெரியும். தானாக ஓடுவதற்குக் கை கிடையாது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் பெயரில், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பணமாற்று உத்தரவுகள் போயின. மொத்தம் சுமார் 95 கோடி டாலர். அதில் ஐந்து நிறைவேறி 10.1 கோடி டாலர் வெளியே போனது. அந்த வங்கியில் ஸ்விஃப்ட் பரிமாற்றங்களைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்று இருந்தது. திருடர்கள் அதையும் முடக்கியிருந்தார்கள். காலையில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரிந்தபோது, சாதாரணக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். தினம் காகிதம் துப்புகிற யந்திரம் இன்று ஏன் சும்மா இருக்கிறது என்ற கேள்வியின் அவசரம் உடனே உறைக்கவில்லை.

நான் இருக்கும் இந்தப் புனேயிலேயே 2018 ஆகஸ்டில் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து சுமார் 94 கோடி ரூபாய் போனது. 28 நாடுகளில் ஏடிஎம்களில் பணம் எடுத்தார்கள். கணக்கில் பணம் இருக்கிறதா என்று வங்கியின் கணினியைக் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு, இடையில் புகுத்தப்பட்ட போலி ஏற்பாடு ஒன்று "சரி, கொடு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தட்டில் விழுந்த சீட்டுக்கெல்லாம் பாஸ்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது இளம் சக ஊழியர் ஒருவர் கேட்டார்: "சார், எல்லாத்தையும் ஆளு உட்கார்ந்து பார்க்கணும்னா ஆட்டோமேஷனே எதுக்கு?" நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லவில்லை. தானாக ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாக ஒரு மனிதர் பேர் இருக்கட்டும். பலன் கிடைக்க வேண்டிய இடத்தில் கிடைத்ததா என்று அவர் பார்க்க ஒரு தேதி இருக்கட்டும். அவ்வளவுதான். 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகப் பிடிக்கிற தொகைகளுக்கு 24 மணி நேரம் முன்னாலேயே வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கொண்டுவந்ததே, அதன் சாரமும் இதுதான். ஓடும் முன்னால் ஒரு மனிதக் கண் படட்டும் என்பதுதான். ஆனால் பணம் போகிறது என்றுதான் வங்கி சொல்ல முடியும். அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று வங்கியால் சொல்ல முடியாது. அது நம் வேலை.

வெளியூரில் இருக்கிற நம் மாதிரிக் குடும்பங்கள் பாதிப் பாசத்தைத் தானாக ஓட விட்டிருக்கிறோம். ஊருக்குப் போகும் பணம், அப்பாவின் இன்ஷூரன்ஸ் பிரீமியம், ஊர் வீட்டு கரண்ட் பில், எல்லாம். தப்பில்லை. வசதிதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். என்னென்ன தானாகப் போகிறது? யார் கணக்குக்கு? அவர்களால் அதை எடுக்க முடிகிறதா? கார்டு எந்த மாதம் காலாவதி? எச்சரிக்கை மெசேஜ் யார் ஃபோனுக்கு வருகிறது, அதைப் படிக்கிறவர் யார்? நான் எழுதிப் பார்த்தபோது பதினொன்று தேறியது. அதில் இரண்டு எதற்குப் போகிறது என்று எனக்கே தெரியவில்லை. தங்கமணிக்கும் தெரியவில்லை :-)

*

பிள்ளைகள் விஷயமாகவும் ஒரு வார்த்தை. "ஹேக்கிங் பழகுது" என்று பயந்து இந்த ஆட்டங்களைத் தடுக்காதீர்கள். நானும் முதலில் தடுக்கத்தான் போனேன். அங்கே கற்றுக்கொள்வது பூட்டை உடைப்பதை விட, எழுதியிருப்பதை முழுசாகப் படிப்பதைத்தான். இரண்டு தடவை தோற்று, ஏன் தோற்றோம் என்று உட்கார்ந்து யோசிப்பதைத்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2013லிருந்து 'பிக்கோ சிடிஎஃப்' என்று ஒன்றை நடத்துகிறது, அதுவும் இலவசம்தான்.

ஆனால் ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அந்தக் கணினிகள் ஆடுவதற்கென்றே அனுமதியோடு திறந்து வைத்தவை. அதே வித்தையை அனுமதியில்லாமல் காலேஜ் கணினியிலோ பக்கத்து ஃபிளாட் வைஃபையிலோ காட்டினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66ன்படி மூன்று வருஷம் வரை ஜெயில், ஐந்து லட்சம் வரை அபராதம். இதைச் சொன்னபோது மகள், "தெரியும்ப்பா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே படிச்சுட்டேன்" என்றாள். எழுதியிருப்பதை முழுசாகப் படிக்கிற பெண் அல்லவா!

லீவு முடிந்து கிளம்பும்போது அவளிடம் ஆச்சி கதையைச் சொன்னேன். அதுவரை சொன்னதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாசா மாசம் மூணாம் தேதி ஆச்சிக்கு ஃபோன் பண்ணச் சொல்லி உங்க லேப்டாப்புல ஒரு கிரான் போட்டுத் தரட்டாப்பா?" என்றாள்.

வேண்டாம் என்றுவிட்டேன். சமையலறையில் ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டர் தொங்குகிறது. மாதப் பிறப்பன்றே மூணாம் தேதித் தாளின் ஓரத்தைப் பேனாவால் ஒரு மடக்கு மடக்கி வைத்துவிடுகிறேன். அன்றைக்குச் சாயந்திரம் கிளையிலிருந்து கிளம்பும்போது ஃபோன்.

"வந்துச்சாம்மா?"

"வந்துட்டு, வந்துட்டு. நேத்தே போயி எடுத்தாச்சு."

மூணாம் தேதி போகிற பணத்தை இரண்டாம் தேதியே எப்படி எடுத்தாள் என்று கேட்டேன். போன மாசப் பணத்தைச் சொன்னாளாம். இந்த மாசத்துக்கு இன்னும் போகவில்லையாம். மறுபடி வெள்ளிக்கிழமை கேட்க வேண்டும். காலண்டரில் இன்னொரு தாளை மடக்கியிருக்கிறேன்.